பொம்மர் பார்க்கப் போன ஞாயிறு

சென்ற அக்டோபரில் அலுவலக வேலையாகப் பாரிஸ் போயிருந்தேன். தங்கியது ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதியில், யோகன் அண்ணன் வீட்டில். யாழ்ப்பாணத்துக்காரர், மளிகைக் கடைகளுக்கு வேனில் சாமான் கொண்டுபோய்க் கொடுப்பவர். "ஞாயிறு என்னோடை வாறீங்களோ தம்பி? போற வழியிலை ஒரு பொம்மர் மியூசியம் இருக்குது" என்றார். என் திருச்சிக் காதில் அது பொம்மை என்றே விழுந்தது. மகளுக்கு ஒன்று வாங்கலாமே என்று கிளம்பிவிட்டேன்.

வடக்கே அறுபது கிலோமீட்டர், ஒரு மணி நேரப் பயணம். "பொம்மை என்ன விலைண்ணே வரும்?" என்று கேட்டதும் வேனை ஓரங்கட்டிவிட்டுச் சிரித்தார். பொம்மர் என்றால் குண்டு போடும் விமானமாம். ஊரில் அது வரும்போதெல்லாம் பங்கர் என்னும் பதுங்குகுழிக்குள் ஓடி வளர்ந்தவர் அவர். மியூசியம் வாசலில் சிரிப்பு நின்றுபோனது.

"நீங்கள் பாத்திட்டு வாங்கோ. நான் வரேல்லை. பொம்மருக்குள்ளை இருக்கிறவனுக்கு மனம் எண்டு ஒண்டு இருக்காது."

ஆறு யூரோ டிக்கெட். உள்ளே இரண்டாம் உலகப் போர் விமானம் ஒன்றின் வால்பகுதி, அதில் துப்பாக்கிக்காரர் உட்காரும் கண்ணாடிக் கூண்டு. ஆட்டோவின் பின்சீட்டில் பாதிகூட இல்லை. விளக்கிச் சொன்ன அம்மாவுக்குப் பிரெஞ்சு மட்டும்தான் தெரியும். என் பிரெஞ்சோ நன்றி சொல்லும் 'மெர்சி'யோடு சரி. வேறு வழியில்லாமல் அண்ணனையே கெஞ்சி இழுத்து வந்தேன்.

கூண்டைப் பார்க்காமலே மொழிபெயர்த்தார். "இரா முழுக்க இதுக்குள்ளை தனியத்தானாம். குளிரிலை விரல் செத்துப்போகுமாம். பரசூட் வைக்க இடமில்லை, முதுகுக்குப் பின்னாலை, கூண்டுக்கு வெளியிலை கொழுவியிருக்கும். நெருப்புப் பிடிச்சால் கதவைத் திறந்து அதை எடுக்கவேணும். எதிரி விமானம் முதல்லை சுடுறதும் இவரைத்தானாம்."

பிறகு அவராகவே அந்த அம்மாவிடம் ஏதோ கேட்டார். பதில் வந்ததும் கூண்டுக்கு அருகே போய் நின்றார்.

"கீழை இருந்த சனத்தை நினைச்சவங்களோ எண்டு கேட்டனான். விமானத்திலை மற்ற ஆக்களெல்லாம் முன்னுக்குப் பாக்கினமாம், இவர் மட்டும் பின்னுக்கு. குண்டு விழுந்தாப் பிறகு ஊர் எரியிறதைக் கடைசிமட்டும் பாத்துக்கொண்டு போறவர் இவராம்." கண்ணாடியில் கை வைத்தார். "பாவம், சின்னப் பெடியன்."

திரும்பும்போது இருவரும் லா சப்பலில் கொத்து ரொட்டி சாப்பிட்டோம். அன்று அதற்குத் தனி ருசி.

போக நினைப்பவர்களுக்கு: மதியத்துக்குப் பிறகுதான் திறக்கிறார்கள். ஞாயிறன்று பஸ் கிடையாது. மியூசியக் கொட்டகைக்குள் நல்ல குளிர், ஜாக்கெட் வேண்டும். பிரெஞ்சு தெரியாவிட்டால் யோகன் அண்ணனைக் கூப்பிடுங்கள், இப்போது அவர் உள்ளே வருவார்.