இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், ஏழாம் குடுவை

அந்த ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த நூற்றுச் சொச்சம் பேரும் உயிர் வளர்ப்பவர்கள். தட்டில், குழாயில், குடுவையில் என்று எங்கு பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாத எதற்காவது ஊட்டிக்கொண்டிருப்பார்கள். வளர்த்து முடித்ததெல்லாம் தரைத்தளத்துக் கடைசி அறைக்கு வந்து சேரும். அவற்றைக் கொல்வதற்கென்று அங்கே ஒரே ஒருவர் இருந்தார்.

கொல்லும் கருவிக்கு ஆட்டோகிளேவ் என்று பெயர். ஆள் உயரப் பிரஷர் குக்கர் என்று நினைத்துக்கொண்டால் பெரிய தவறில்லை. நூற்றிருபத்தொரு டிகிரி நீராவி, முப்பது நிமிடம். உள்ளே போனது எதுவும் உயிரோடு வெளியே வராது. எனவே மாணவர்கள் அவருக்குக் 'குக்கர்' என்று பெயர் சூட்டியிருந்தார்கள். நேரில் அண்ணா, முதுகுக்குப் பின்னால் குக்கர். அவருக்கும் தெரியும். "விசில் அடிக்கச் சொல்லாத வரைக்கும் சரி" என்பார்.

கொல்வதைத் தவிர அவர் செய்த இன்னொரு வேலை, பதிவேடு எழுதுவது. என்ன வந்தது, யாருடையது, எத்தனை, எப்போது ஏற்றியது, எத்தனை டிகிரி, எப்போது இறக்கியது. விஞ்ஞானிகளின் குறிப்பேட்டில் தேதி மாறும், பக்கம் கிழியும், காப்பிக் கறை படியும். குக்கரின் பதிவேட்டில் இருபத்தாறு வருடமாக ஓர் அடித்தல்கூடக் கிடையாது. உயிரினங்களைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அவற்றின் சாவைப் பற்றி அந்தக் கட்டடத்திலேயே அதிகம் தெரிந்தவர் அவர்தான்.

நிலையத்தின் முன்கூடத்தில் ஒரு பித்தளைப் பலகை உண்டு. குற்றக் குறிப்பு ஒன்றுகூட வாங்காமல் ஓய்வு பெற்றவர்களின் பெயர்களை அதில் பொறிப்பார்கள். இத்தனை வருடத்தில் மூன்றே பெயர்கள். நான்காவது வரி காலியாக இருந்தது. தினமும் காலையில் அதைக் கடக்கும்போது குக்கர் தன் பெயர் அந்த வரிக்குள் அடங்குமா என்று கண்ணாலேயே அளந்துவிட்டுப் போவார். யாரும் பார்க்கவில்லை என்பது அவர் எண்ணம். வாசல் காவலர் உட்பட எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோட்டை விட்டார். கதவு ரப்பர் கசிந்து கருவியில் அழுத்தம் ஏறவில்லை. உள்ளே பன்னிரண்டு குடுவைகள். மூன்றாம் மாடி ஆராய்ச்சிக்காரப் பெண் துணி வெளுக்கும் ஆலையின் வெந்நீர்ச் சாக்கடையிலிருந்து அள்ளி வந்து, மாதக்கணக்கில் ஒன்றும் தேறாமல் கைகழுவிய சேறு. திங்களன்று ரப்பரை மாற்றிக்கொள்ளலாம் என்று வீட்டுக்குக் கிளம்பியவர், நீராவி வால்வை மூட மறந்துவிட்டார். திங்கட்கிழமை வந்து பார்த்தால் உள்ளே எண்பத்துநாலு டிகிரி. இரண்டு நாளும் அப்படியே வெந்திருக்கிறது.

பதினொரு குடுவைகளில் சேறு அடியில் படிந்து மேலே நீர் தெளிந்து நின்றது. ஏழாவது மட்டும், உள்ளே ஏதோ பெருகுவதுபோல, கஞ்சித் தண்ணீர் மாதிரி கலங்கியிருந்தது. விதிப்படி ரப்பரை மாற்றி, எதையும் தொடாமல், மறுபடி கொன்றிருக்க வேண்டும். அவரோ கண்ணாடிக்கு மூக்கை ஒட்டிக்கொண்டு கால் மணி நேரம் நின்றார். பிறகு மூன்றாம் மாடிக்குத் தொலைபேசினார்.

"ஏம்மா, உன் ஏழாம் நம்பர் செத்த மாதிரி தெரியலையே."

"எண்பத்துநாலு டிகிரில ரெண்டு நாளா? விளையாடாதீங்கண்ணா."

"நான் எதுக்கு விளையாடப் போறேன்? இருபத்தாறு வருஷமா பொணம் பாக்குறவன் சொல்றேன். இது பொணம் இல்ல. வந்து பாரு."

அவள் வந்தாள், பார்த்தாள், குடுவையைக் கைக்குழந்தைபோல ஏந்திக்கொண்டு போனாள். அவர் உட்கார்ந்து அந்த வருடப் பதிவேட்டின் 212ஆம் பக்கத்தில் எழுதினார்: 'வெள்ளி மாலை வால்வு மூடப்படவில்லை. தவறு என்னுடையது. திங்கள் காலை 84 டிகிரி. பதினொன்று தெளிவு. ஏழாவது கலங்கல். அழிக்காமல் மூன்றாம் மாடியிடம் ஒப்படைத்தேன்.' அந்தப் பதிவேட்டை யாரும் புரட்டுவதில்லை. அது அவருக்கும் தெரியும். இருந்தாலும் விட்டு எழுத அவருக்குக் கை வரவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஒருநாள் அவள் அவரை மேலே கூப்பிட்டாள். வெந்நீரில் நின்ற குழாயில் துணிக்குப் போடும் கஞ்சி இருந்தது. அதில் அந்த ஏழாம் குடுவை ஜந்து சுரப்பதை ஒரு சொட்டு விட்டாள். மேசையில் வெள்ளை ஓடு, அதில் வரிசையாக அயோடின் பொட்டுகள்.

"கஞ்சி இருந்தா நீலம் வரும், இல்லாட்டி வராது. பாருங்க."

குழாயிலிருந்து எடுத்து முதல் பொட்டில் வைத்தாள். மசி நீலம். அரை நிமிடம் கழித்து இரண்டாவது, ஊதா. மூன்றாவது, வெளிறிய செம்மை. நான்காவதில் அயோடின் தன் பழுப்பு நிறத்திலேயே கிடந்தது. கொதிநிலையை நெருங்கிய வெந்நீரில், இரண்டு நிமிடத்துக்குள், கஞ்சி காணாமல் போயிருந்தது.

"துணியில இருக்குற கஞ்சிய எடுக்கத்தான் ஆலைக்காரங்க அமிலம் கொட்டுறாங்க. இனி வேண்டாம்" என்றாள். சொல்லிவிட்டு அவளே அந்தப் பொட்டுகளை முதல்முறை பார்ப்பவள்போலப் பார்த்தாள். நூறு தடவை செய்திருப்பாள். பழகவில்லை.

குக்கர் குனிந்து நான்காம் பொட்டைப் பார்த்தார். "செத்துது செத்துதுன்னு பக்கம் பக்கமா எழுதியிருக்கேனேம்மா. இந்த மாதிரி எத்தனை இருந்திருக்கும்?"

"பயப்படாதீங்க. நூத்திருபத்தொண்ணுல போட்டுப் பாத்தேன். இதுவும் செத்துப்போச்சு."

அவருக்கு உயிர் வந்தது. கூடவே, எதற்கென்று தெரியாமல், கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

அந்த வருடம்தான் அவள் உயிரித் தொழில்நுட்பத்துக்கான இளம் ஆராய்ச்சியாளர் விருதுக்கு விண்ணப்பித்தாள். கிடைத்தால் ஐந்து வருடத்துக்குச் சொந்த ஆய்வகம். முப்பத்தைந்து வயது வரைதான் இளமை என்பது விருதுக்குழுவின் கணக்கு. கடைசித் தேதிக்குப் பதினொரு நாள் கழித்து அவள் கிழவியாகிவிடுவாள். விண்ணப்பம் நாற்பத்தொரு பக்கம். ஒன்பதாம் பகுதி கேட்டது: 'கண்டுபிடிப்பு முதன்முதலில் பதிவான மூல ஆவணத்தின் நகல், துறைத் தலைவர் சான்றொப்பத்துடன்.' அவள் குறிப்பேடோ, 'ஏழாம் குடுவை கிடைத்தது' என்றுதான் தொடங்கியது. எங்கிருந்து கிடைத்தது என்பது உலகத்தில் ஒரே ஒரு பக்கத்தில்தான் இருந்தது.

அவள் கடைசி அறைக்கு வந்து ரப்பரைப் பற்றி விசாரித்தாள். வெயிலைப் பற்றிப் பேசினாள். அவருடைய முழங்கால் வலியை நலம் கேட்டாள்.

"ஏம்மா சுத்தி வளைக்கிற? பதிவேடுதானே?"

"வேண்டாம்ணா. 'தற்செயலாகச் சூடு நீடித்தது'ன்னு நானே எழுதிடறேன். உங்களுக்கு ஓய்வுக்கு இன்னும் எட்டு மாசம்தான் இருக்கு. முன்கூடத்துல பலகை..." மீதியை மென்று விழுங்கினாள்.

"தற்செயல் வந்து வால்வ தெறந்து வெச்சுட்டுப் போச்சா?"

"ஒன்பதாம் பகுதி சரியில்லன்னா மார்க் குறைப்பாங்க, அவ்வளவுதான்."

"தள்ளிட மாட்டாங்களா?"

அவள் மறுபடி அவருடைய முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டாள்.

வீட்டில் அவர் மனைவி, மேசைமேல் காய் நறுக்கிக்கொண்டே, விஷயத்தை முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "ஏங்க, கல்யாண நாள மறந்தீங்க, மாமனார் பேர மறந்தீங்க. இருக்குற மறதியெல்லாம் எனக்கு. ஆபீஸுக்குன்னு ஒரே ஒரு மறதி, அதையும் எழுதி வெச்சுட்டு வந்திருக்கீங்களே!"

"எழுதாம எப்படி?"

"அப்ப குடுத்துத் தொலைங்க. பலகையில பேர் வந்தா மட்டும் முழங்கால் வலி போயிடுமா?" சொன்னவள் நறுக்கிய காயையே மறுபடி நறுக்கினாள். உறவினர்களையெல்லாம் கூட்டிப்போய் அந்தப் பலகையைக் காட்ட வேண்டுமென்று திட்டம் போட்டு வைத்திருந்தவள் அவள்தான்.

மறுநாள் அவர் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு துறைத் தலைவரிடம் போனார். துறைத் தலைவருக்கு மாணவர்கள் இட்ட பெயர் 'கமா'. எந்தத் தாளை நீட்டினாலும் ஒரு கமாவை இடம் மாற்றாமல் கையெழுத்துப் போடமாட்டார். அவர் 212ஆம் பக்கத்தை இரண்டு முறை படித்தார். பேனா தானாக ஒரு கமாவை நோக்கி நகர்ந்தது. பாதி வழியில் நின்றது.

"மூல ஆவணம். கை வைக்கக் கூடாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு, "இதுல நான் கையெழுத்துப் போட்டா, இதப் படிச்சேன்னு அர்த்தம். தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"ரெண்டு நாள் நீராவி. எதாவது வெடிச்சிருந்தா?"

"வெடிச்சிருக்கும் சார்."

"அழிக்க வேண்டியத அழிக்காம வேற குடுத்திருக்கீங்க."

"ஆமா சார். அது மறதி இல்ல. தெரிஞ்சே குடுத்தேன்."

கமா அவரை நிமிர்ந்து பார்த்தார். "ஏன்?"

குக்கர் யோசித்தார். "எல்லாத்தையும் கொன்னுட்டேன் சார். இது ஒண்ணு எதிர்த்து நின்னுச்சு. மறுபடியும் போட மனசு வரல."

கமா நகலில் சான்றொப்பம் இட்டார், முத்திரை குத்தினார். அதன் மை காயுமுன் இன்னொரு தாளை எடுத்துக் குற்றக் குறிப்பு எழுதினார்: 'பதிவேடு பக்கம் 212இல் கண்ட தவறுகள் குறித்து...' இரண்டிலும் ஒரே தேதி, ஒரே பேனா. இரண்டையும் நீட்டியபோது கமா எழுந்து நின்றுகொண்டிருந்தார். கடைநிலை ஊழியர் எவருக்கும் அவர் எழுந்து நின்றதாக நிலையத்தில் பேச்சில்லை.

விருது கிடைத்தது. ஓய்வு நாளன்று பித்தளைப் பலகையின் நான்காவது வரி காலியாகவே இருந்தது. மனைவி வந்திருந்தாள், ஒரு மாலையும் மூன்று உறவினர்களுமாக. பலகையின் பக்கம் திரும்பாமல் அவர்களை நேரே புதிய ஆய்வகத்துக்குக் கூட்டிப்போனார் குக்கர்.

அவள் குளிர்பெட்டியைத் திறந்து, பனி படர்ந்த ஒரு சிறு குழாயைச் சாமணத்தால் எடுத்துக் காட்டினாள். உலகத்து நுண்ணுயிர்ச் சேமிப்பகங்களில் அந்த ஜந்துவை இனி எந்தப் பெயரால் கேட்பார்களோ, அது ஒட்டுத்தாளில் இருந்தது: 212-7.

"இது என்னங்க நம்பர்?" என்றாள் மனைவி.

"என் தப்பு இருக்குற பக்கம்" என்றார் அவர். பிறகு, பலகையின் வரியை அளந்த அதே கண்ணால் அந்த ஒட்டுத்தாளை அளந்தார். பெயர் கச்சிதமாக அடங்கியிருந்தது.