தாளில் துண்டான பிள்ளையார்

ஐந்தாவதோடு படிப்பை விட்டவன் நான். வாடகைச் சூளையில் தொடங்கி, சொந்தமாக இரண்டு சூளை, அச்சு வார்க்கும் கூடம், பொம்மை காயவைக்கக் கொட்டகை, ஜங்ஷன் பக்கம் மாடி வீடு என எல்லாம் நானே எழுப்பினேன். சொந்தக்காரர்கள் கைவிரித்த காலத்தில் எழுப்பினேன். கடைசியாக எழுப்பியது எங்கள் கொலு பொம்மைகளின் வெப்சைட். அதைச் சொன்னால் மட்டும் வீட்டில் சிரிக்கிறார்கள்.

வெப்சைட்டைச் செய்தவள் என் சின்ன மருமகள். கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள். போனில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் எங்களிடம் மொத்தமாக வாங்கும் கும்பகோணத்து வியாபாரிக்குப் பொம்மைப் பட்டியல் பேப்பரில் வேண்டும். பிரிண்ட் எடுத்து அனுப்பினோம். கவரைப் பிரித்த கையோடு கூப்பிட்டார்.

“என்னங்க முதலாளி, சிவன் வெட்டுன பிள்ளையார் தலைய நீங்க மறுபடியும் வெட்டிட்டீங்களே!”

தலை ஒரு தாளின் அடியில், தொப்பை அடுத்த தாளின் உச்சியில். துண்டான சாமியைக் கடையில் காட்ட முடியாது, வெள்ளிக்கிழமைக்குள் சரியாக வராவிட்டால் வேறு இடம் பார்ப்பேன் என்றார். அவர் போனால் என் சூளை பாதி வருஷம் குளிர்ந்து கிடக்கும்.

தாளில் காலி இடமே விடாதே என்று மருமகளிடம் சொன்னது நான்தான். சூளையில் கையகல இடம் காலியாக விட்டாலும் எரிகிற கேஸ் வீண், அந்தப் பழக்கம்.

“காலியா வுட்டாதான் மாமா துண்டாகாது. பக்கம் எப்படி அமையணும்னு சொல்ற ஸ்டைல் ஷீட்டுல ஒரு வரி எழுதணும், படத்த நடுவுல ஒடைக்காதன்னு.”

எழுதினாள். பிள்ளையார் முழுசாக வந்தார். அவருடைய பெயரும் உயரமும் மட்டும் அடுத்த தாளுக்குப் போய், முருகன் தலைக்கு மேல் உட்கார்ந்தன.

“யாரு பிள்ளையாரு, யாரு முருகன்னு அந்த வியாபாரிக்குத் தெரியாதா மாமா?”

“தெரியும்மா. மாத்தி ஆர்டர் எழுதிட்டு நம்மளதான் திட்டுவாரு.”

எனக்கு மூட்டு வலி, கண்ணெரிச்சல். இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று அலுத்துப்போய் உட்கார்ந்தேன். அப்போதுதான் தசாவதாரச் செட் நினைவுக்கு வந்தது. பத்தையும் ஒரே தட்டில்தான் சூளைக்கு ஏற்றுவோம். பிரித்தால் நிறம் ஒத்துவராது. இடம் போதாவிட்டால் செட்டே அடுத்த தட்டுக்குப் போகும்.

“படத்துக்கு மட்டும் சொல்லாதம்மா. படம், பேரு, அளவு மூணையும் ஒரே தட்டுல வெச்சி, அந்தத் தட்ட ஒடைக்காதன்னு சொல்லு.”

நிமிர்ந்து பார்த்தாள். “அட, மூணையும் ஒரே பெட்டியா கட்டி, பெட்டிக்கு அந்த வரிய குடுக்கணும். ஆமாங்க மாமா!”

அதன்பிறகு ஒரு பொம்மையும் துண்டாகவில்லை. வெள்ளிக்கிழமை பட்டியல் போய்ச் சேர்ந்தது, ஆர்டரும் வந்தது. “உங்க மருமக கெட்டிக்காரிங்க” என்றார் வியாபாரி. கெட்டிக்காரிதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கடைசித் தாளில் ‘வடிவமைப்பு’ என்று போட்டு அவள் பெயர் மட்டும் இருக்கிறது. வாதாட எனக்குத் தெம்பில்லை, அதனால் எழுதியே வைக்கிறேன்: மூன்றையும் சேர்த்துக் கட்டச் சொன்னவன் நான். அடுத்த பிரிண்ட் எடுக்கும் முன் அங்கே என் பெயரும் ஏற வேண்டும்.