அடங்கிய செல்களும் பாண்டியம்மாள் மேடமும்

நேற்றுக் காலை கப்பலூர் பேருந்தில் நின்றுகொண்டிருந்தபோது பாண்டியம்மாள் மேடத்தின் கணவர் அழைத்தார். "போயிட்டா தம்பி" என்றார். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டேன்.

மூலிகை மருந்து தயாரிக்கும் எங்கள் சிறிய தொழிற்சாலையில் ஆய்வுக்கூடத்தை நடத்தியவர் மேடம். உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம். அவரது அதட்டலுக்கு முதலாளியே சற்று ஒதுங்கித்தான் போவார். உடலின் எதிர்ப்புச் செல்களே மூட்டுகளைத் தாக்கும் நோய் அவருக்கு. சோதனைக் குழாயை மூடவே சிரமப்படுவார். உதவப் போனால் திட்டு விழும்.

சீந்தில் கொடியை வெல்லத்தோடு ஊறவைத்து நொதித்த சாற்றை, தூண்டிவிட்ட எதிர்ப்புச் செல்கள்மீது விட்டுப் பார்த்தோம். அத்தனையும் அடங்கிவிட்டன. நான் விசிலடிக்காத குறை. மூட்டு நோய்க்கு மருந்தென்று முதலாளி லேபிளே அச்சடித்துவிட்டார். மேடத்தின் ஒப்புதல் மட்டும்தான் பாக்கி. வாங்க வந்த வியாபாரி பக்கத்து அறையில் காத்திருந்தார்.

"உங்க நோய்க்கே இது ஆகும்மா. இன்னும் என்ன யோசனை?" என்றார் முதலாளி.

"ஆகணும்னு எனக்குத்தாண்ணே அம்புட்டு ஆசை. அதான் பயமா இருக்கு. அடங்குச்சா, செத்துச்சான்னு பாத்துட்டு வாரேன்."

செல்களில் நீலச் சாயம் கலந்தார். உயிருள்ள செல் சாயத்தை உள்ளே விடாது, செத்தது நீலமாகிவிடும். நுண்ணோக்கியில் குனிந்தவர் நிமிரவே இல்லை. முதலாளி கடிகாரத்தைப் பார்த்தபடி நடந்தார். கடைசியில் மேடம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். பார்த்த இடமெல்லாம் நீலம்.

சீந்தில் போடாமல் வெறும் வெல்லம் நொதித்த நீரையும் விட்டுப் பார்த்தார். அதிலும் நீலம்தான். நொதிக்கும்போது உண்டான சாராயம் செல்களைக் கொன்றிருந்தது. பிறகு சீந்தில் சாற்றிலிருந்து சாராயத்தை நீக்கிவிட்டுப் பார்த்தோம். செல்கள் பிழைத்தன, ஆனால் அடங்கவில்லை.

முதலாளி கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார். மேடம் கையைக் கழுவி, வழக்கமான மாத்திரையை விழுங்கினார். "எனக்கும்தான் வலிக்குது" என்று மட்டும் சொன்னார்.

நோய் சிறுநீரகத்தையும் பிடித்து, போன வாரம் அவர் மருத்துவமனையில் கிடந்தபோது, கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த மருந்தையாச்சும் ஒரு பாட்டில் கொண்டாங்க தம்பி."

மேடம் கண்ணைத் திறந்தார். "வேணாங்க. அதுல ஒண்ணுமில்ல. நான்தான் பாத்துட்டேன்ல."

நேற்று மாலை அவர் கைகளைச் சேர்த்துக் கட்டினார்கள். வீங்கிய விரல்கள் ஒன்றோடொன்று சேரவில்லை. மேடம், உங்கள் ஆய்வில் நான் ஒருநாளும் பிழை தேடியதில்லை. அன்று நீங்கள் பார்த்தது மட்டும் தப்பாக இருந்திருக்கக் கூடாதா? போய் வாருங்கள்.