பக்கத்து வீட்டு எண்ணெய்ச் சட்டி

காஜாங்கிலிருந்து அத்தை, அப்பாவின் அக்கா, போனில் சொன்னதை அப்படியே கைப்பேசியில் குறித்துக்கொண்டேன். இந்தத் தீபாவளிக்குப் புதுத்துணி இல்லை. கோலம் இல்லை. வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. யாராவது பலகாரம் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். அம்மா இறந்து ஒரு வருடம் ஆகும்வரை இதுதான் முறை.

அதற்கு மேலே மருத்துவமனைக் குறிப்பு இருந்தது. அப்பாவின் எடை இன்னும் இறங்கினால், தீபாவளி முடிந்ததும் கொடுக்க வேண்டிய கீமோவைத் தள்ளிப்போடுவார்கள்.

அம்மா போன சில மாதங்களில் அப்பாவின் நுரையீரலில் கட்டி இருப்பது தெரிந்தது. நான் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர். அழுவதற்கு முன்பே சாப்பாட்டு அட்டவணை போட்டுவிட்டேன். கஞ்சி, மீன் சூப், அவித்த முட்டை, பால். அப்பா இரண்டு கரண்டியோடு தட்டைத் தள்ளிவிடுவார்.

"எல்லாம் இரும்ப நக்குற மாதிரி இருக்கும்மா."

மருந்தினால் நாக்கு அப்படித்தான் இருக்கும் என்றார் மருத்துவமனைத் தாதி. "அவரு எது கேட்டாலும் குடுங்க." அவர் எதுவுமே கேட்கவில்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம், பக்கத்து வீட்டுச் சீன ஆன்டி வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். மேரு ஊரில் ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்தவர். எங்களைவிடச் சத்தமாகத் தமிழ் பேசுவார்.

"அண்ணே, இந்த வருஷம் என் முறுக்கு எங்க?"

வாசலில் உட்கார்ந்திருந்த அப்பா தலையை ஆட்டினார். "இல்லம்மா. வீட்ல சட்டி வைக்கக் கூடாது."

"உங்க வீட்லதானே கூடாது? என் வீட்ல சட்டி இருக்கு, எண்ணெய் இருக்கு. மாவ மட்டும் எடுத்துட்டு வாங்க லா."

"நீ எப்ப முறுக்கு சுட்ட?"

"சுட்டதில்ல. வருஷா வருஷம் தின்னுருக்கேன்ல, அது போதும்."

அப்பா லேசாகச் சிரித்தார். அதனால்தான் நான் அத்தையை மறுபடி கூப்பிட்டேன். வீட்டில் என்றால் எந்த வீடு என்று தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் அத்தை ஒன்றுதான் கேட்டார்.

"தம்பி சாப்பிடுவானா?"

"தெரியல அத்தை."

"அப்ப செய். நீ என்கிட்ட கேக்கவே இல்ல, தெரியுதா?"

சனிக்கிழமை மாலை ஆன்டியின் பின்பக்க அடுப்படியில் கூடினோம். எண்ணெய் வாடையில் அப்பாவுக்கு வாந்தி வருமோ என்று ஒரு வாளி கொண்டுபோயிருந்தேன். கடைசியில் அது மாவுக் கை கழுவத்தான் பயன்பட்டது. வழக்கமாக அம்மா பிசைவார், அப்பா பிழிவார். அன்று பிசைந்ததும் நான், பிழிந்ததும் நான்.

"இது என்னம்மா, முறுக்கா ஒயரா?" என்றார் அப்பா.

"பேசுறவங்க வந்து பிழியலாம்," என்றார் ஆன்டி.

அப்பா எழுந்து வந்து மேடையில் சாய்ந்துகொண்டு அச்சை இரண்டு கையாலும் அழுத்தினார். இரண்டு முறுக்கு வட்டமாக விழுந்தன. மூச்சு வாங்கி மறுபடி உட்கார்ந்தார். அம்மா இருந்தபோது உடைந்த முறுக்கெல்லாம் அப்பாவுக்குத்தான், பிழிந்ததற்குக் கூலி என்று. அந்தப் பழக்கத்தில் அவர் கை தானாகத் தட்டுக்குப் போனது. கடித்தார். மென்றார். இன்னொரு துண்டை எடுத்தார். நானும் ஆன்டியும் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"ருசி தெரியல," என்றார். "ஆனா சத்தம் அதேதான்."

நான் அதுவரை கொடுத்ததெல்லாம் சத்தமே இல்லாத சாப்பாடு என்பது அப்போதுதான் உறைத்தது. மறுநாள் அட்டவணையை மாற்றினேன். கஞ்சிமேல் அப்பளத்தை நொறுக்கிப் போட்டேன், சட்டி வைக்காமல் நெருப்பில் சுட்ட அப்பளம். வெள்ளரிக்காய், மொறுமொறுப்பாக வாட்டிய ரொட்டி. கிண்ணம் பாதி காலியாகும். சில நாள் முழுதாகவே.

தீபாவளி காலையில் ஆன்டி ஒரு டப்பா முறுக்கை முறைப்படி வாசல் வழியாகக் கொண்டுவந்து கொடுத்தார். யாராவது கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். வாங்கிக்கொண்டோம். அப்பா ஒன்றை அம்மாவின் படத்துக்கு முன் வைத்துவிட்டு அங்கேயே நின்றார். அன்று இருவரும் அழுதோம், பிறகு கஞ்சி குடித்தோம்.

அடுத்த வாரம் மருத்துவமனையில் தராசின் எண் போன முறை இருந்த இடத்திலேயே நின்றது. கூடவில்லை, இறங்கவில்லை. கீமோவைத் தள்ளிப்போடவில்லை. அப்பா சாய்வு நாற்காலியில் உட்கார்ந்ததும் பையிலிருந்து டப்பாவை எடுத்து, அடுத்த நாற்காலிக்காரரிடம் நீட்டினார்.

"எடுத்துக்குங்க பாஸ். எங்க வீட்ல துக்கம். ஆனா இது பக்கத்து வீட்ல சுட்டது."

அவர் எடுத்துக்கொண்டார். மருந்து சொட்டத் தொடங்கியது. இரண்டு பேரும் மென்றுகொண்டிருந்தார்கள்.