உடையப்பன் பங்குக் கள்

வல்லத்திராக்கோட்டை உடையப்பன் நல்ல விவசாயி. அதைவிட நல்ல குடிகாரர். மகள் செவந்தியின் கல்யாணப் பந்தியில் கள் வெறியில் தடுமாறி ரசத் தவலையைக் கவிழ்த்தவர். ஆவுடையார்கோவில் சம்பந்தியம்மாள் சொர்ணவல்லி அதை மறக்கவில்லை. செவந்திக்குத் தலைப்பிரசவம் நெருங்கியதும் சொல்லி அனுப்பினார்: "குடிக்காம வந்தா மகளக் கூட்டிட்டுப் போகட்டும். இல்லேன்னா பிரசவம் இங்கிட்டுத்தான்."

அது 1948, ஆனி மாதம். மதுவிலக்கு வரப்போவதாக ஊரெல்லாம் பேச்சு. ஆவுடையார்கோவில் ஆனித் திருவிழாவுக்கு வருஷந்தோறும் நடந்துபோகும் கூட்டாளிகளோடு உடையப்பனும் புறப்பட்டார். வழியிலுள்ள கள்ளுக்கடைகளில் உட்கார்ந்து எழுந்து போவதுதான் அவர்கள் வழக்கம். கடைக்கு ஒரு பானை, ஆளுக்குச் சமபங்கு. ஒருவர் வேண்டாம் என்றால் அவர் பங்கு பக்கத்து ஆளுக்கு.

முதல் கடையில் உடையப்பன் வெறும் சுண்டலைத் தின்றார். இரண்டாவதில் கூட்டாளி ராக்கன் விடவில்லை.

"ஒரே வாய் மாமா. யாருக்குத் தெரியப்போகுது?"

"எம் மகளக் கூட்டியாரணும்டா. தள்ளிப் போ."

தள்ளிய வேகத்தில் பனையோலைப் பட்டையிலிருந்த கள் உடையப்பனின் துண்டில் கொட்டியது. கண்மாயில் கசக்கிப் பிழிந்தும் வாடை போகவில்லை. திரும்பிப் போனால் குடித்துவிட்டார் என்றே ஆகிவிடும். நடந்தார்; மூன்றாவது கடையிலும் தொடவில்லை. சாட்சி சொல்கிறோம் என்று ராக்கனும் இன்னொரு கூட்டாளி பெரியண்ணனும் ஆடிக்கொண்டே கூட வந்தார்கள்.

சொர்ணவல்லி வாசலிலேயே மறித்தார்.

"அங்கிட்டே நில்லுங்க. தெருமுனையிலேயே வாடை வந்துருச்சு."

"மேல கொட்டிருச்சு சம்பந்தியம்மா. குடிக்கலைங்க."

"எல்லாரும் சொல்றதுதான்."

அவருக்குப் பின்னால் செவந்தி கதவைப் பிடித்தபடி நின்றாள்.

ராக்கன் முன்னால் வந்தான். "சத்தியமாக் குடிக்கலைங்க. மாமா பங்க நாந்தான் குடிச்சேன்."

பெரியண்ணன் அவன் தோளைப் பிடித்து இழுத்தார். "பொய் சொல்லாதடா. மொதக் கடையில எனக்குத்தான வந்துச்சு?"

"ஒனக்கு அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் எனக்கு."

"ரெண்டாவது ஒனக்கு எங்கடா வந்துச்சு? அத மாமாவோட துண்டுதான குடிச்சுச்சு? மூணாவதுல பாதி எனக்கு."

"பாதியா? வாய நனைக்கக்கூட ஒனக்குக் குடுக்கல."

இருவரும் ஒருவர் துண்டை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். சொர்ணவல்லி அடக்கிப் பார்த்தார், சிரிப்பு வந்துவிட்டது.

"இம்புட்டு வெறியில இவங்களுக்குப் பொய் சோடிக்க வராது. செவந்தி, துணிமணிய எடுத்து வை. காலைல வண்டி கட்டச் சொல்றேன்."

உடையப்பன் படியில் கால் வைத்தார்.

"துண்ட வெளிய போட்டுட்டு வாங்க சம்பந்தி. அது குடிச்சிருக்கு."

துண்டை வேலியில் வீசிவிட்டு அவர் உள்ளே போனார்.