ஒரு நாள் விட்டு ஒரு நாள்

வேலைக்கு முறை வராத நாட்களில் என் அண்ணன் எங்கள் வீட்டு வாசலில், இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கல் உடைத்துக் கொப்பளித்த கைகள். அதற்கு முன்பு அவன் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அவனை நினைத்தால் அதுதான் முதலில் கண்ணில் நிற்கிறது. பாதிரியார் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச நாள் படித்ததோடு என் படிப்பு முடிந்தது. ஆனாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்த வருஷம் எங்கள் மலையில் மழையே இல்லை. விதைத்த சாமை விதைத்த இடத்திலேயே காய்ந்தது. அடிவாரத்துக் கொல்லைகளிலும் கூலிக்கு ஆள் கூப்பிடவில்லை. அம்மாவும் அப்பாவும் முன்பே செத்துப்போய்விட்டதால் வீட்டில் நானும் அண்ணனும்தான். காட்டில் கிழங்கு தோண்டித் தின்றோம். ஊரே தோண்டினால் அது எத்தனை நாளைக்கு வரும்? அப்போதுதான் செங்கத்திலிருந்து ஒரு சர்க்கார் ஓவர்சியர் வந்தார். பாதைக்கு ஜல்லி உடைக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் வரலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதை எங்கள் ஊரில் யாரும் நம்பவில்லை. எல்லோரும் ஒன்றாகப் போனால் கல் சீக்கிரம் தீர்ந்துவிடும், பிறகு ஒருவருக்கும் வேலை இருக்காது என்று பயந்தார்கள். எங்களிடம் எது கிடைத்தாலும் பங்குதான். காட்டில் ஒரு பன்றி விழுந்தால், வேட்டைக்கு வராத வீட்டுக்கும் கறி போகும். வேலையையும் அப்படியே பங்கு போடலாம் என்று சொன்னது அண்ணன்தான். ஆம்பளைகளில் பாதிப் பேர் இன்று, மீதிப் பேர் நாளை. நாட்டாமைக்கு அது பிடித்துப்போனது. பிள்ளைகுட்டிக்காரர்களுக்கு அண்ணன் தன் முறையையும் அடிக்கடி விட்டுக்கொடுத்தான். "கல்லுன்னா உனுக்கு பயமா மாப்ளே?" என்று கிண்டல் செய்துகொண்டே வாங்கிக்கொண்டார்கள்.

பெண்கள் நாங்கள் கூடை சுமக்க தினமும் போனோம். ஓவர்சியர் காலையில் மடக்கிய குடையை நீட்டி நீட்டி ஆம்பளைகளை எண்ணுவார். ஒரு தலை தவறினாலும் முதலிலிருந்து எண்ணுவார். எங்களை எண்ணும்போது அந்த அக்கறை இருக்காது.

ஒரு நாள், வேலை இன்றோடு முடிந்தது என்றார். கல் இன்னும் குவிந்து கிடந்தது. அன்று முறைக்கு வந்திருந்த அண்ணன்தான் முன்னால் போனான்.

"கல்லு இன்னும் கெடக்குதே, எதுக்குங்க நிறுத்தறீங்க?"

ஓவர்சியர் கெட்டவரில்லை. அவனை உட்காரச் சொல்லி விளக்கினார். கல்லுக்காக வைத்த வேலையே இல்லையாம் அது. மலையில் பஞ்சமா இல்லையா என்று தெரிந்துகொள்ள வைத்ததாம். பெண்களும் பிள்ளைகளும் நல்ல வருஷத்தில்கூட சில்லறைக் கூலிக்கு வருவார்களாம். திடமான ஆம்பளை இவ்வளவு குறைந்த கூலிக்கு வெயிலில் கல் உடைக்க வந்தால்தான் அவனுக்கு வேறு வழியில்லை என்று அர்த்தமாம். அப்படி நிறையப் பேர் வந்தால் பெரிய வேலையும் கஞ்சித் தொட்டியும் வரும். எங்கள் ஊரில் வந்தது பாதி ஆம்பளைகள். மீதிப் பேருக்கு ஏதோ வேலை இருக்கிறது, ஊர் தாங்கும் என்று மேலே முடிவாகிவிட்டது.

"அவங்க வூட்லதாங்க குந்தினுகீறாங்க," என்றான் அண்ணன். "நாங்கதான் முறை வெச்சினு வர்றோம்."

ஓவர்சியர் குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு எழுந்தார்.

"இன்னாப்பா இது, வேலைய போயி யாராச்சும் பங்கு போடுவாங்களா?"

மேலே சொல்லிப் பார்ப்பதாகச் சொன்னார். சொன்னாரோ என்னவோ, அதன் பிறகு யாரும் வரவில்லை.

ஊரில் ஒருவரும் அண்ணனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவன் பதிலுக்காவது ஏதாவது பேசியிருப்பான். பிள்ளைகள் அழும் வீட்டைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொள்வான். பிறகு வேலை தேடித் திருப்பத்தூர்ப் பக்கம் இறங்கிப் போனான், காய்ச்சலோடு திரும்பி வந்தான். பாயில் கிடந்தபடி, "நல்லதுன்னுதான் பாப்பா செஞ்சேன்," என்றான். நெற்றித் துணியை நனைத்துக்கொண்டு நான் வருவதற்குள் உயிர் போய்விட்டது.

இந்த வருஷமும் மழை இல்லை. மறுபடியும் ஜல்லி வேலை வைத்திருக்கிறார்கள். ஓவர்சியர் வேறு ஆள். எங்கள் ஊர் ஆம்பளைகள் ஒருவர் விடாமல் விடியும்போதே போய் நிற்கிறார்கள். நடக்க முடியாதவரைக்கூட கைத்தாங்கலாகக் கூட்டிப் போகிறார்கள். நேற்று கஞ்சித் தொட்டி வந்துவிட்டது. பசித்தது, நானும் வாங்கிக் குடித்தேன்.

இன்று காலையில் கூடையோடு நின்று அவர்கள் வரிசையைப் பார்த்தேன். அண்ணன் இருந்திருந்தால் எங்கே நின்றிருப்பான் என்று தேடினேன். எல்லோரும் தோளோடு தோள் நெருக்கி நின்றிருந்தார்கள். நடுவில் இடமே இல்லை.