அண்ணன் வாங்கிய சர்வர்

அண்ணி கூப்பிட்டபோது நான் உலு திராம் வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அன்று எனக்கு லீவு. முந்தின நாள் டேட்டா சென்டரில் நின்ற கால் இன்னும் வலித்தது. அங்கே வரிசை வரிசையாக அலமாரிகளில் ஓடும் சர்வர்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. கெட்டுப்போன டிஸ்க்கை உருவ வேண்டும், புதியதைச் செருக வேண்டும், அடுத்த வரிசைக்கு நடக்க வேண்டும். காற்றாடிகளின் இரைச்சல் வீட்டுக்கு வந்தபிறகும் காதை விட்டுப் போகாது.

குளுவாங்கில் இருக்கும் தன் வீடியோ கடையில் அண்ணன் ஏதோ பெரிய கம்ப்யூட்டர் வாங்கி வைத்திருப்பதாக அண்ணி சொன்னார். போட்டால் லோரி இன்ஜின் மாதிரி கத்துகிறதாம். கல்யாண வீடியோவுக்குப் பேச வருகிறவர்கள் சொல்வது காதில் விழவில்லையாம். உன்னிடம் சொல்லக் கூடாது என்று அண்ணன் வாயைக் கட்டியிருக்கிறார் என்று குரலைத் தணித்துச் சொன்னபோதே, அது என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

என் அண்ணன் கல்யாண வீடியோ எடுப்பவர். குளுவாங் சுற்றுவட்டாரத்தில் அவர் கேமரா போகாத கோயில் குறைவு. போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பியது, நடையும் ஓரளவு திரும்பியது. வலது கை திரும்பவில்லை. கேமராவை உதவிக்கு இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, வெட்டி ஒட்டும் வேலையை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டார். இடது கையால் மவுஸ் பிடிக்கப் பழகினார். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே பழைய கம்ப்யூட்டரும் கெட்டுவிட்டது. வீடு திரும்பியதும், கம்பெனிகள் கழித்துப்போட்ட சாமான்களை விற்கும் ஒருவரிடம் இந்தச் சர்வரை வாங்கியிருக்கிறார்.

கடைக்குள் நுழைந்தபோது அது மேசைக்குப் பக்கத்தில் இடுப்பு உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தது. லீவு நாளிலும் அதே சத்தம். எனக்குத் திரும்பிப் போய்விடலாம் போலிருந்தது.

அண்ணன் கோபப்படவில்லை. பெருமையாகத்தான் காட்டினார். உள்ளே இரண்டு பிராசசர், அவற்றில் மூளை மாதிரி வேலை செய்யும் கோர் மொத்தம் நாற்பது. உன் ஆபீசில் ஊர் உலகமே இதில்தானே ஓடுகிறது, என் கல்யாண வீடியோ ஓடாதா என்று கேட்டார்.

நான் உட்கார்ந்து விளக்கினேன். சர்வர் பிராசசர் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கேட்டாலும் எல்லாருக்கும் பதில் சொல்லவேண்டியது. இரவு பகல் நிற்காமல் ஓடவேண்டியது. அதனால் கோர் நிறைய வைத்து, ஒவ்வொன்றையும் நிதானமான வேகத்தில் ஓடவிடுவார்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் கோர் குறைவு, என்னுடையதில் எட்டுதான், ஆனால் ஒவ்வொன்றும் வேகம். நீங்கள் ஒரு படத்தை இழுத்து நிறுத்தும்போது பெரும்பாலும் ஒன்றிரண்டு கோர்தான் வேலை செய்யும். மற்றதெல்லாம் சும்மா இருக்கும்.

"நாப்பது பேரு எட்டு பேருகிட்ட தோத்துடுவாங்களா?" என்றார் அண்ணன்.

வேலையிடத்தில் நாள் முழுக்க மெஷினோடு மல்லுக்கட்டிவிட்டு, லீவு நாளில் அண்ணனோடும் மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. வீட்டுக்குக் கிளம்பி வந்தேன். அடுத்த லீவில் என் மேசைக் கம்ப்யூட்டரைக் கழற்றி, காரின் பின்சீட்டில் வைத்து பெல்ட்டைப் போட்டு, மறுபடியும் குளுவாங் போனேன். வழியெல்லாம் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள். ஒன்றைக்கூட முந்த மனசு வரவில்லை.

காஹாங் கோயிலில் நடந்த ஒரு கல்யாணம் அப்போது அவர் கையில் இருந்தது. அதையே இரண்டிலும் ஏற்றினேன். முதலில், கேமராவில் வந்த அத்தனை துண்டுகளையும், வெட்ட வசதியாக, எடை குறைந்த பிரதிகளாக மாற்றும் வேலை. ஒவ்வொரு துண்டும் தனி வேலை என்பதால் நாற்பது கோருக்கும் தீனி கிடைத்தது. சர்வர் முடித்தபோது என் கம்ப்யூட்டர் பாதிகூடத் தாண்டவில்லை. அண்ணன் எதிர்க்கடைக்குக் கையைக் காட்டி மூன்று தே தாரிக் டீ சொன்னார். நான் குடித்தேன்.

பிறகு வெட்டும் வேலை. அப்புறம் குறை சொல்லக் கூடாது என்று, அவர் சர்வரில் இருந்த, படத்தைத் திரைக்கு அனுப்பும் கிராபிக்ஸ் கார்டையே கழற்றி என் கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டு, அவரை அதன் முன்னால் உட்காரச் சொன்னேன். தாலி கட்டும் இடம். மாப்பிள்ளையின் கை மேலே போகிற நொடியில் வெட்டவேண்டும். சர்வரில் அவர் இப்படி வெட்டுவதைப் போன தடவையே பார்த்திருந்தேன். மவுஸை இழுப்பார், படம் பின்னாலேயே தாமதமாக வரும், இடம் தாண்டிவிடும், திரும்ப வருவார், மறுபடி தாண்டும். முகத்தைத் துடைத்துக்கொள்வார்.

இப்போது இழுத்தார். கை நின்ற இடத்தில் படமும் நின்றது. வெட்டினார். அதை அழித்துவிட்டு மறுபடி செய்து பார்த்தார். மறுபடியும் நின்றது. இடது கையை மவுஸிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்திருந்தார்.

"இத்தன நாளா என் கைதான்னு நெனச்சிட்டேன் மா."

அண்ணி டம்ளர்களை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்விட்டார். அங்கே குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. இடது கைக்கு மாறியபின் வேகமான கம்ப்யூட்டரில் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாதக்கணக்கில் அந்தத் தாமதத்தையெல்லாம் தன் உடம்பின் கணக்கில் எழுதிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்.

"கையும் கொஞ்சம் மெதுவுதான் அண்ணே. ஆனா அவ்வளவு இல்ல."

அவர் தலையை ஆட்டினார். பிறகு வேலையைத் தொடர்ந்தார். மாலைவரை அவர் வெட்டிக்கொண்டிருந்தார், நான் பக்கத்து நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன்.

என் கம்ப்யூட்டரை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். சர்வரைப் பின்னறைக்குத் தள்ளியாகிவிட்டது. துண்டுகளை மாற்றவேண்டியிருந்தால் மட்டும், அண்ணி பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகும் நேரம் பார்த்து அண்ணன் அதைப் போடுகிறார். அதை விற்கமாட்டாராம். காஹாங் வீட்டார் வீடியோவைப் பார்த்துவிட்டு, பெண்ணின் தாய்மாமன் போதுமான அளவு வரவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அண்ணன் மாமனைச் சேர்த்துக் கொடுத்தார். இப்போதெல்லாம் கல்யாணங்களைக் குறைவாகத்தான் ஒப்புக்கொள்கிறார். சாயங்காலமானால் கை அசந்துவிடுகிறது, அதற்கு எந்தப் பிராசசரும் உதவாது.

வீட்டில் என் மேசை காலியாகக் கிடக்கிறது. புதிதாக ஒன்று வாங்கவேண்டும் என்று மகள் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அதற்கு நாலு கடை ஏறி இறங்கவேண்டும், எது நல்லதென்று ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். லீவு நாளில் நான் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறேன்.